பதினாறு நிமிடம்

சாவி எங்கே விழுந்தது என்று கேட்பேன், வழக்கம்.
சந்தையில் என்பார்கள், வேனில் என்பார்கள்,
தெரிந்தால் உன்னை ஏன் கூப்பிடுகிறேன் என்பார்கள்.
கொம்போ மட்டும் துல்லியமாகச் சொன்னான்:
"காருக்கு இடப்பக்கம் நாலடி.
அங்கிருந்து நேர் கீழே, இருபது ஆள் ஆழம்."

மீனுக்காகப் பனியில் துளைத்த ஓட்டை.
குனிந்திருக்கிறான்.
பிளக் என்றதாம். அவ்வளவுதானாம்.

மோரோனிலிருந்து நூறு கிலோமீட்டர், வாடகை வேனில்.
மடியில் கம்பளி சுற்றிய பாட்டரி,
குளிரில் செத்துவிடாதிருக்க
மேலங்கிக்குள் விலாவோடு மடிக்கணினி.
எங்கள் ஊருக்கு வரும் கார்களெல்லாம்
ஜப்பானில் ஒரு வாழ்க்கை முடித்துவிட்டு வருபவை,
பெரும்பாலும் ஒற்றைச் சாவியோடு.
இன்னொன்று அங்கே யாருடைய மேசை இழுப்பறையிலோ
இது எதற்கு என்று தெரியாமல் கிடக்கும்.

ஹூவ்ஸ்குல் ஏரியின்மேல்
வெள்ளை பிரியஸ் தனியாக நின்றது.
மார்ச் கடைசி. மற்றவை கரையேறிவிட்டன.
இவனுக்கு நாளை மாலைவரை கெடு.
அவன் மனைவி தாரிமா கரையைவிட்டு வரவில்லை:
"மூணு பேரும் மூழ்கினால் யார் அழுவது?"
காரையும் சேர்த்து எண்ணியிருந்தாள்.

என் பெயர் எனெபிஷ். 'இது இல்லை' என்று பொருள்.
எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை;
கொண்டுபோக வருவது
ஏமாந்து திரும்பட்டும் என்று வைத்த பெயர்.
கொம்போ சிரித்தான்:
"சாவிக்காரனுக்கு நல்ல பெயர்தான் வைத்தார்கள்."

கம்பி விட்டுக் கதவைத் திறந்தேன்.
பாட்டரி மாற்றி, ஸ்டியரிங்கின் அடியில் ஒயரைச் செருகினேன்.
பதினாறு நிமிடம், என்றது திரை.
அதுவரை கதவு திறக்கக் கூடாது.
மின்சாரம் இறங்கினால் முதலிலிருந்து.

ஆறாவது நிமிடத்தில் ஏரி பேசியது.
வடக்கே எங்கோ தொடங்கி
தகரத்தைக் கிழித்துக்கொண்டே ஒருவன்
எங்கள் இருக்கைக்கு அடியில் ஓடிப் போனான்.
"சத்தம் போட்டால் நல்ல பனி," என்றான் கொம்போ,
கை கதவுப்பிடியில்.
அந்தக் கைமேல் என் கையை வைத்தேன்.
எடுக்கவில்லை, ஒன்பதாவது நிமிடம் வரை.

"கீழே கிடப்பது இன்னும் உயிரோடிருக்குமா?"
"தண்ணீர் புகுந்திருக்கும்."
"புகாமலிருந்தால்?"
"இன்னும் நாலு நிமிடம். பிறகு கார் அதை மறந்துவிடும்."
கண்ணாடியில் ஊதி, தேய்த்து,
ஓட்டை இருந்த பக்கம் பார்த்தான்.
"அதில் என் மகளின் பல்தடம் இருக்கிறது.
முதல் பல்."

நான் என்ன சொல்ல? பொத்தானை அழுத்தினேன்.
இருபது ஆள் ஆழத்தில்
அந்தச் சாவி சாவியாய்ப் போயிற்று:
உமி இருக்கிறது, மணி இல்லை.

புதியதைப் பொத்தானருகே காட்டினேன்.
முகப்பில் விளக்கு. ஜப்பானியப் பெண்குரல் ஒன்று
மரியாதையாக ஏதோ சொன்னது.
"ஆகட்டும் அம்மா, பத்திரமாகவே போகிறோம்," என்றான் கொம்போ.
பதினோரு வருடமாகப் பதில் சொல்கிறானாம்.
சுங்க அட்டை செருகவில்லை என்கிறாள் அவள்.
எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பெல்ட் போடாமல், நான்கு கதவும் திறந்தபடி
நடைவேகத்தில் கரைக்கு வந்தோம்.
தாரிமா முதலில் கேட்டது விலை.
இரண்டாவது: "எனக்கொன்று செய்."
அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை;
அதிலும் பேரம் பேசினாள்.

பாதி பணம். பாதிக்கு,
விறகுபோல் உறைந்த ஒரு மீன்.
பாட்டரி இருந்த மடியில் அதை வைத்துக்கொண்டு
வீடு வந்தேன். இரவெல்லாம் அடுப்போரம் இளகியது.

காலையில், கத்தி வைக்குமுன்,
எதற்கும் இருக்கட்டும் என்று
வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

குடல். கொஞ்சம் மணல்.