எட்டுச் சொட்டு

ஃபஹாஹீல். பல் மருத்துவமனை வரவேற்பறை.
இரண்டு நாள் விடுமுறை கழிந்த ஞாயிறு.
ஏழு தங்கமீனும் மேல்மட்டத்தில்
வாய் பிளந்து நிற்கின்றன.

புள்ளி இல்லை, பூஞ்சை இல்லை.
செவுளோரம் மட்டும் புண்ணாய்ச் சிவப்பு.

மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை நான்.
ஐந்து மில்லி நீர், எட்டுச் சொட்டு;
மஞ்சளில் நிற்கவேண்டியது
கரும்பச்சைக்குப் போனது.
அம்மோனியா.

ஃபில்டரில் அசைவில்லை.
அதன் பிளக் இருந்த இடத்தில்
காவலாளி ஜெபராஜின் சார்ஜர்.
"பாப்பாவுக்குக் காய்ச்சல்ணே.
வியாழன் ராத்திரி முழுக்க வீடியோல இருந்தேன்."

மாடிக் குழாயில் ஆகஸ்ட் கொதித்தது.
வேனில் ஆறவைத்திருந்த கேன்களைத் தூக்கிவந்து
பாதித் தொட்டி மாற்றினேன்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
மின்தடை என்று எழுதினேன்.

பாப்பாவுக்கு இப்போது எப்படி என்று
கேட்காமலே வந்துவிட்டது
மூன்றாவது சிக்னலில்தான் உறைத்தது.