நாற்பது டிகிரியில் பாகுநிலை

ஹம்ரியாவில் இரவு ஷிப்ட்.
கண்ணாடிக் குழாயில் எண்ணெய்
மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு
இறங்கும் நேரத்தை எண்ணுவது என் வேலை.
இருநூற்றுப் பன்னிரண்டு நொடி.
அவசரப்படாத எண்ணெய்க்கு விலை அதிகம்.

ஏழாம் நம்பர் டாங்கில்
வந்ததைவிடக் கூடுதலாய் இருக்கிறதாம் சரக்கு.
ஸ்டோர் மரியசூசை டார்ச்சோடு
மூன்று முறை ஏணி ஏறிவிட்டார்.
"ராத்திரி எவனோ ஊத்திட்டுப் போறான் சார்,
கண்ணுல படாத ஆளு."
திருடுவார்கள், மரியசூசை.
கொண்டுவந்து ஊற்றுவார்களா?

ஆகஸ்ட் மாதம்.
பகலில் குடித்த வெயிலை
டாங்க் இன்னும் கக்கி முடிக்கவில்லை.
அவர் கையில் இருப்பதோ
பதினைந்து டிகிரிக்குப் போட்ட அட்டவணை.

மேலேயும் இதே தகராறுதான்.
விண்மீன் திரள்கள் விலகுகிற வேகம்
கூடிக்கொண்டே போகிறது, கணக்கு உதைக்கிறது.
இருட்டில் ஏதோ ஆற்றல் என்று
பலபேர் கையெழுத்திட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள்.
பாதியில் விட்ட என் ஆய்வேட்டில்
நான் ஆளைத் தேடவில்லை, அட்டவணையைத் திருத்தினேன்:
ஈர்ப்பின் விதி
அருகில் ஒன்றாகவும் தொலைவில் வேறாகவும்
இருந்துவிட்டுப் போகட்டுமே.
தேர்வாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
"விதியையேவா?"

மூன்றாம் அத்தியாயத்தில்
அண்டத்தையே பாகாகக் காய்ச்சினேன்.
விரிய விரியப் பாகு பின்னுக்கு இழுக்கும்.
இழுத்தால் அழுத்தம் சுழிக்குக் கீழே இறங்கும்.
இறங்கினால் சமன்பாட்டில் குறி புரண்டு
வெளி இன்னும் வேகமாய் விரியும்.
பிடித்து இழுத்த கையே
தள்ளிவிடுகிறது.
மூன்று தடவை சரிபார்த்தேன்.
சரிதான்.

சுகிர்தா,
"போகாதே" என்று நீ அதிகம் சொன்ன வாரத்தில்தான்
விசா தாளில் கையெழுத்துப் போட்டேன்.

வேண்டாம். இது உவமை.
உவமைக்கு அலகு கிடையாது,
எந்தக் குழாயிலும் அது இறங்காது.

மரியசூசையின் சீட்டை வாங்கி
வெப்பத் திருத்தத்தால் பெருக்கித் தருகிறேன்.
கூடுதலாய் இருந்தது கரைந்துபோய்
வந்ததும் இருப்பதும் ஒன்றாகின்றன.
வெகுநேரம் பார்க்கிறார்.
"அப்ப ஆளே இல்லையா சார்?"
கொஞ்சம் ஏமாந்த குரல்.

போகும்போது அவர் டார்ச்சை அணைக்கவில்லை.
ஏழாம் டாங்குக்குப் பின்னால்
வெளிச்சம் ஒருமுறை சுற்றி வருவது
ஜன்னலில் தெரிகிறது.

நான் அடுத்த குழாயை நிமிர்த்துகிறேன்.
வெந்நீர்த் தொட்டியில் நாற்பது டிகிரி.
இந்த எண்ணெய் முந்தியதைவிடக் கெட்டி,
கோட்டைத் தொடவே
இன்னும் நேரமிருக்கிறது.