ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே

வெள்ளிக்கிழமை ராத்திரி பூட்டினேன்.
சாத்தையா கணக்கில் கைவைக்கிறான் என்று
நினைத்துக்கொண்டு பூட்டினேன்.
காரங்காடு பெர்க்மான்ஸ் வாங்கிய முன்பணம்
நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு.
திரையில் பதினாலாயிரத்து ஐந்நூறு.
தொண்டியில் எங்கள் நண்டுக் கம்பெனியில்
கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர்.
அதில் ஒருத்தி நான்.

அட்டவணைகளை மறைத்தேன்.
மேலே இருந்த பட்டியை மறைத்தேன்.
திறக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு
பின்பக்கமாய் நுழைகிற ஒரு வழி உண்டு,
அதையும் ஒரே ஒரு வரி எழுதி அடைத்தேன்.
எவ்வளவு நேர்த்தியாய் அடைத்தேன் என்று
காலையில்தான் தெரிந்தது.

ஐந்தரை மணி. கொண்டல் காற்று.
ஷட்டரில் உப்புப் பூத்திருந்தது.
கோப்பைத் திறந்தால்
நான் வரைந்த சாம்பல் நிறப் படிவம் மட்டும் வந்தது:
எடை, ரகம், சரி.
சாத்தையாவுக்கு இது போதும் என்று
நான் அளந்து விட்டுவைத்த இடம்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே திறந்தேன்.
இரண்டு கையாலும் அழுத்தினேன்.
வேறு விசைப்பலகை மாட்டி அழுத்தினேன்.
எடை, ரகம், சரி.

பென்டிரைவில் ஒரு நகல் இருந்தது.
தடைக்காலத்து நகல்.
அதில் எல்லோருக்கும் கடன் இருந்தது,
யாருக்கும் நண்டு இல்லை.

முதலாளி நைனா மரைக்காயர் மூன்று தரம் போன் அடித்தார்.
'நீதானம்மா அதுக்கு நிர்வாகி?'
'ஆமா காக்கா.'
'அப்புறம் யாரு உன்னை உள்ள விடமாட்டேங்குறா?'

சனிக்கிழமை, கணக்கு முடிக்கிற நாள்.
வாசலில் கூடை கூடையாய் நீலக்கால் நண்டு,
ரப்பர் மாட்டிய கொடுக்கை உரசிக்கொண்டு.
பெர்க்மான்ஸின் மனைவி லூர்துசெல்வி
நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றாள்.
'பாக்கி எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு ஜெனோவா.
மேல ஒரு பத்து கேக்கணும், வலை பிய்ஞ்சு கெடக்கு.'
கம்ப்யூட்டர் தூங்குதுக்கா என்றேன்.
'எழுப்பு' என்றாள்.

பத்தே முக்காலுக்கு,
கடுங்காப்பி ஆறி மேலே ஒரு ஈ விழுந்த பிறகு
தோன்றியது:
கதவைத்தானே பூட்டினேன்,
சுவரை இல்லையே.

ஒன்றுமே இல்லாத புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கினேன்.
பெயர்கூட வைக்கவில்லை.
அதற்குள் நின்றுகொண்டு
பழையதை நோக்கிக் கையை நீட்டி
இறக்குமதி என்றேன்.
வந்தன.
படகுகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள்,
எடை வந்தது, முன்பணம் வந்தது.
சிக்கிய வலையைச் சிக்கிய இடத்திலேயே விட்டுவிட்டு
மீனை மட்டும் அள்ளிக்கொண்டு வருகிற மாதிரி
இருநூற்றுப் பதினெட்டுப் பேர்
கரை ஏறினார்கள்.

கடைசியாய் ஒன்று வந்தது.
'திருத்தம்' என்று பெயர்.
யார் எதை எப்போது மாற்றினாலும்
தானாகவே எழுதிக்கொள்கிற அட்டவணை.
போன வருஷம் நானே செய்தது.
நேற்று பூட்டத் தோன்றிய எனக்கு
அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பெர்க்மான்ஸ். 41500. பிறகு 14500.
வியாழன் மதியம் இரண்டு நாற்பது.
திருத்தியவர்: ஜெனோவா.

இரண்டு நாற்பதுக்கு என்ன செய்துகொண்டிருந்தேன்?
தலை வலித்திருக்கலாம்.
மரைக்காயர் போனில் இருந்திருக்கலாம்.
ஒன்றையும் நாலையும் இடம் மாற்றிப் போட
ஒரு காரணமும் வேண்டாம்,
விரல் இருந்தால் போதும்.

'நாப்பத்தோராயிரத்து ஐநூறுக்கா.'
லூர்துசெல்வி தலையாட்டினாள்.
'எனக்குத் தெரியுமே அது.
ஒம் பொட்டிக்குத் தெரியுதான்னு பாத்தேன்.'

பின்வழியை அடைத்த அந்த வரியை
புதுக் கோப்பில் நான் எழுதவில்லை.
வெளியே போனேன், சொல்லிவிடலாம் என்று.
சாத்தையா முழங்கைவரை நனைந்து
எடைத்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.
'தொறந்துருச்சா?' என்றான்.
'ம்.'
கூடைக்குள் கைவிட்டு
சினை நண்டு ஒன்றைத் தனியே எடுத்தான்,
திரும்பக் கடலில் விட,
வாளியில் போட்டான்.
அது வாளிக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் சொல்லவில்லை.