அரைக்கம்பம்

மூன்று மாதமாக
அரைக்கம்பத்தில் நிற்கிறது என் பென்ஸின் ஆன்டெனா.
"வீட்டில் யார் போய்விட்டார்கள்?" என்கிறான்
கார் கழுவுமிடத்துப் பையன், தண்ணீர்க் குழாயைத் தாழ்த்தியபடி.
ஷ்கோடரில் தெருவுக்கு நான்கு பழைய பென்ஸ்.
நான்கிலும் ஏதோ ஒன்று செத்திருக்கும்.
எனக்கு இது.

ரேடியோவைப் போட்டால்
டிக்கிக்குள் ஒரு மோட்டார்
வெறும் வாயை மெல்லும்.
பத்து விநாடி. பிறகு டக், டக்.
கம்பி அசையாது.

வெரோனாவில் பெயின்ட் அடிக்கும் பலோக்
பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான் புதியதை,
செய்தித்தாளில் சுற்றி, கூடவே அரைக்கிலோ சீஸ்.
கம்பியில் இன்னும் சீஸ் வாசனை.

சனிக்கிழமை. ஊசி போட ஆடுகள் இல்லை.
டிக்கியின் கம்பளத்தை உரித்து
இடது ஓரத்துப் பொந்துக்குள்
தோள்வரை கையை விட்டேன்.
குறுக்கே மாட்டிக்கொண்ட கன்றின் காலைத் தேடும்
அதே கோணம், அதே கண்மூடல்.
என் பிழைப்பு அதுதான்.

வெளியே வந்தது
எண்ணெயும் இலைத்தூளும் அப்பிய கறுப்பு டப்பா.
உள்ளே நைலான் துண்டுகள்,
ஒரு பக்கம் மட்டும் பல் முளைத்தவை.
பால்வெள்ளையில் சில, மஞ்சளில் சில,
தேநீர்க்கறை படிந்தவை சில.
செம்மறியின் வயதைப் பல்லில் சொல்கிறவளுக்குத்
தெரியாதா இது?
எனக்கு முன்பே இரண்டு பேர் இதைத் திறந்திருக்கிறார்கள்.
இரண்டு பேரும்
உடைந்ததை உள்ளேயே விட்டு மூடியிருக்கிறார்கள்.

பழைய டூத்பிரஷ், மண்ணெண்ணெய்,
புருவம் பிடுங்கும் சாமணம்.
கடைசிப் பல் ஒன்று வரவே மாட்டேன் என்றது.
வந்தது.

புதுக் கயிற்றின் பல்
எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று
தாளில் எழுதவில்லை.
முதல் தடவை, மோட்டார் துப்பிவிட்டது.
முற்றத்தில் கோழிகள் சிதறின.

உண்மையில் இது இரண்டு ஆள் வேலை.
ஒருவர் ரேடியோவை அணைக்க,
ஒருவர் கம்பியை நேராகப் பிடிக்க.
சுவருக்கு அந்தப் பக்கம் பிரெங் இருந்தான்.
என் வாசலுக்கு மேல் நீளும் அவன் அத்திக்கிளை
யாருடையது என்பதில்
நாங்கள் பேசி இரண்டு வருடம்.
கூப்பிடவில்லை.
பச்சை வயரைப் பல்லால் உரித்து
டிக்கி விளக்கின் வயரோடு தொட்டேன்: எழு.
எடுத்தேன்: இறங்கு.

இறங்கியது.
நைலானை முழுக்க உறிஞ்சி,
நுனிக் குமிழ் மட்டும் வெளியே தெரிய,
நல்ல பிள்ளையாய்.

அப்புறம் நான் செய்தது வேலை இல்லை, விளையாட்டு.
ரேடியோவைப் போட்டேன்: முழு உயரம்,
ஏரிக்கு அக்கரையின் வெங்காய விலை,
பாதி புரியும் மொழியில்.
அணைத்தேன். போட்டேன். அணைத்தேன்.
இருபது தடவை இருக்கும்.
அறிவிப்பாளர் ஒரு சொல்லையும் முடிக்கவில்லை.
இருபத்தோராவது தடவை
கம்பி பாதியில் நின்றது.
சாவியைத் திருப்பினால் "டிக்".
மத்தியானமெல்லாம் எரிந்த டிக்கி விளக்கு
பாட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது.

நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்திருந்தேன்.
கார் நகர்ந்தது.
கண்ணாடியில் பிரெங்கின் மொட்டைத் தலை மட்டும்,
டிக்கி மேல் குனிந்து, தள்ளிக்கொண்டு.
வாசல் தாண்டிச் சரிவு.
இரண்டாவது கியர், கிளட்சை விட்டேன்.
குலுங்கி, இருமி, கறுப்பாய் ஒரு புகை.
அந்தப் புகைக்குள்ளிருந்துதான்
இரண்டு வருடத்தில் அவன் முதல் வார்த்தை வந்தது:
"அணைத்துத் தொலைக்காதே."

பாட்டரி ஏறட்டும் என்று
ஏரிக்கரை நெடுக ஓட்டினேன்.
எங்கும் இறங்கவில்லை.
கம்பி காற்றில் மெல்லப் பின்னால் வளைந்து
வெங்காயம், பிறகு ஒரு கல்யாணப் பாட்டு,
பிறகு மழை வரும் என்ற செய்தி.

திரும்பும்போது இருட்டு.
வாசலில் அத்திக்கிளை,
சரியாக ஆன்டெனாவின் உயரத்தில்.
எஞ்சினை ஓடவிட்டு
ரேடியோவை மட்டும் அணைத்தேன்.
கம்பி உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.
பிறகு கிளைக்குக் கீழே
முதல் கியரில்.