ஓரிரு இடங்களில்

ஆறு மணிச் செய்தியின் வாலில்
வானிலை அறிக்கை.
சிகாமட், குளுவாங், மெர்சிங் என்று
பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஊர்களில் எல்லாம் மழை.
பிறகு, "மற்றும் ஓரிரு இடங்களில்."
அந்த ஓரிரு இடம் நாங்கள்தான்.
சாஆ.
இரண்டே எழுத்து.
வாசிக்கிறவர் இதற்காக மூச்சு வாங்க வேண்டியதில்லை,
இருந்தும் நான் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து
விட்டுவிட்டே போகிறார்கள்.

பலத்த காற்று வீசக்கூடும் என்றார்கள்.
இரவில் குளிர் கூடலாம் என்றார்கள்.

குளிர் என்றால் எனக்குத் தர்மசீலன்.
பாசிர் கூடாங்கில், உறைந்த கோழி அடுக்கும் கிடங்கில்
இரவு வேலை.
மைனஸ் இருபத்திரண்டு.
பால்மரத்து வெக்கையில் பிறந்த மனுஷனுக்குப்
புருவத்தில் பனி பூத்துக் கிடக்கிறது.
போனில் படம் அனுப்பியிருந்தார்.
யாரோ வயசாளி மாதிரி இருந்தது,
அழித்துவிட்டேன்.

எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவது
ஆபீஸில் என் பொறுப்பு.
பத்து மில்லிமீட்டரைத் தொட்டால் அது மழைநாள்,
வெட்டுக்குப் போகாதவர்களுக்கும் அரைச் சம்பளம்.
தொடாவிட்டால் வெறும் ஈரம்.
ஈரத்துக்குத் தோட்டத்தில் காசு கிடையாது,
தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போதும்.

ஏழு ஐம்பதுக்கே போய் நின்றேன்.
பெரட்டுக் களத்தில் முப்பத்தொரு பேர்,
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.
பட்டையெல்லாம் ஊறிக் கறுத்திருந்தது.
இன்றைக்குக் கீறினால் பால் மங்குக்கு வராது,
மரத்தைச் சுற்றி வழிந்து மண்ணுக்குப் போகும்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பங்களாதேஷ் ரொஃபிக் மட்டும்
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
பத்தா?

அளந்தேன்.
ஒன்பது புள்ளி நான்கு.
நேரம் ஆகவில்லை என்று
திரும்ப ஊற்றி வைத்தேன்.

மூன்று நாள் ஓயாமல் கொட்டிய ஐப்பசி
இப்போது பார்த்து வாயை மூடிக்கொண்டது.
கிழக்கே வெளுக்க வேறு தொடங்கியது.
வாழ்க்கையில் முதல் முறையாக வெயிலைத் திட்டினேன்,
வாய்க்குள்.
அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும்.
ஒரு நகத்தின் கனம்.
குடையின் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது.
மானிக்கு மேலே நீட்டினால் விழும்.
நீட்டவில்லை.
மடக்கவும் இல்லை.

மானிக்குப் பக்கத்தில் மரம் கூடாது என்பது சட்டம்.
நட்டு வைத்த காலத்தில் மரம் இல்லை.
பிறகு அந்தத் தூங்குமூஞ்சி மரம்
யாரையும் கேட்காமல் கிளையை நீட்டிக்கொண்டே வந்தது.
வெட்டச் சொல்லி நான்தான் இரண்டு கடிதம் எழுதினேன்.
நல்லவேளை, இந்தத் தோட்டத்தில்
கடிதத்தை யாரும் படிப்பதில்லை.

ஏழு ஐம்பத்தாறு.
சொன்ன சொல் தவறாமல்
காற்று வந்தது.
ஸ்டோர் கூரைத் தகரம் தடதடத்தது,
நிழலில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்தது,
இரவெல்லாம் இலையிலே சேர்த்து வைத்திருந்ததை
மரம் மொத்தமாக உதறியது.
என் தலை, என் தோள், மானியின் வாய்.

எட்டு மணிக்குப்
பத்து புள்ளி இரண்டு.

புது மேனேஜர் ஹலிம் பேரேட்டைப் பார்த்தார்,
என் நனைந்த முந்தானையைப் பார்த்தார்,
ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார்.
"காற்றும் அடித்ததா?"
அடித்தது என்றேன்.
காற்றுக்கு எங்கள் பேரேட்டில் கட்டம் இல்லை.
கையெழுத்துப் போட்டார்.

வாளிகளை நிமிர்த்திக்கொண்டு முப்பத்தொரு பேரும்
வீட்டுக்குப் போனார்கள்.
ரொஃபிக்கின் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது,
போய் வருகிறேன் என்பதற்கும் அதே விரல்கள்.

தர்மசீலனுக்கு அனுப்பினேன்:
இங்கே பத்து புள்ளி இரண்டு.
நேரம் கழித்துப் பதில் வந்தது.
இப்பதான் வெளிய வந்தேன், நல்ல வெயில்,
ஆனா கண்ணாடி முழுக்கத் தண்ணி,
பஸ் நம்பர் தெரியல.