ஒற்றைக் கேள்விக்குறி

கங்கைகொண்டானில் இரவு ஷிப்ட்.
மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகள்,
ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு பதிப்பு எண்.
விடியுமுன் பெயர் ஒரு பத்தியில்,
எண் ஒரு பத்தியில்.

எண் தட்டுப்படும் வரை பெயர் என்று
முதல் வடிவம் எழுதினேன்.
‘கணக்கு2-1.4’
தன் இரண்டை இழந்து
வெறும் கணக்காய் வந்து நின்றது.

நட்சத்திரக்குறிக்குப் பேராசை அதிகம்.
கடைசி எழுத்து வரை அள்ளி விழுங்கும்,
பிறகு ஒவ்வொன்றாய்க் கக்கிப் பின்வாங்கும்
கடைசி இடைக்கோடு மட்டும்.
அங்கே வெட்டினேன். சரியாக விழுந்தது.

“எங்க ஊர்ல நாலு இருக்குல்லா, புடிக்குமா?”
பிரமநாயகத்துக்கு ஊர் நான்குநேரி.
இல்லை என்றேன்.
எழுத்துக்குள் கரைந்த நாலு
அதன் கண்ணில் படாது.
“மூன்றடைப்பு?”
அதுவும்தான்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

என் கழுத்து அட்டையில் ஆவுடைத்தங்கம்-2.
முன்பு ஒருத்தி இருந்தாளாம் இதே பெயரில்,
இதே தளத்தில்.
இரண்டு பெயரையும் சும்மா ஓடவிட்டேன்.
பெயர் ஆவுடைத்தங்கம், பதிப்பு 2.
எண்ணில்லாதவளை
பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டது.

பாவமாக இருந்தது.
எண் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று
ஒரு கேள்விக்குறி சேர்த்தேன்.

அவள் உள்ளே வந்தாள்.
ஆனால்
திருப்பித் தரும் கட்டாயம் நீங்கிய நட்சத்திரம்
விழுங்கியதை வாயிலேயே வைத்துக்கொண்டது.
எண் பத்தி முழுக்கக் காலி.
மூவாயிரமும் பழையபடி ஒட்டிக் கிடக்க
நடுவில் நான்,
ஆவுடைத்தங்கம்-2,
முழுப் பெயராக.

மணி நாலு இருபது.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.