தடிமன் பிடித்த வாரம்

புல்வெட்டும் மெஷின் அவளை
இரண்டிடத்தில் வெட்டியிருந்தது.
தொலஸ்பாகை, ஒன்பதாம் நம்பர் மலை,
கானுக்கு மேலே இலுக்கு மூடிய பொந்து.
வெட்டிய சவரிமுத்து மூன்று நாள் பேர் போடவில்லை.
சுருள் தளர்ந்த பின்னும்
நடுவில் கை வைத்தால் சூடு.

கண்டிக்குப் போன் போட்டேன்.
வனசீவி ஆபீஸ் விமலரத்ன
ஜீப்புக்கு டீசல் இல்லை என்றார்.
"உங்களுக்குச் சூடு அளக்கத் தெரியுமா?"
ட்ரையரில் பத்தொன்பது வருடம் நிற்கிறேன்.
இருநூறு டிகிரிக் காற்றில்
நாலு டிகிரி கூடினால் என் காது சொல்லும்.
"எண்பத்தொன்பது போதும்" என்றார்.
"புரட்ட வேண்டாம். கோழி முட்டை இல்லை அது.
புரட்டினால் உள்ளேயே மூழ்கிவிடும்."

பதினான்கு.
பதின்மூன்று ஒன்றையொன்று பற்றிய ஒரே கட்டி,
ஒன்று மட்டும் ஓரத்தில் தனியாக.
கிடந்த கிடையிலேயே உச்சியில்
பென்சிலால் கோடு இழுத்தேன்:
இதுதான் உனக்கு வானம்.
மீன்காரரின் ரெஜிபோம் பெட்டி,
பிழிந்தால் சொட்டு விழாத ஈரத்தில் தும்புத்தூள்,
தொழிற்சாலையில் கழித்துப்போட்ட வெப்பமானி,
நாற்பது வாட்ஸ் பல்ப் ஒன்று.
தவமலர் பெட்டிப் பக்கம் வரவில்லை.
சாமிப்படத்தை மட்டும்
வேறு சுவருக்கு மாற்றினாள்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து
டோர்ச்சை முட்டைத் தோலில் ஒட்டிப் பிடிப்பேன்.
உள்ளே செம்மஞ்சள் அறை, இளஞ்சிவப்பு நரம்புகள்,
கொழுந்தை வெயிலுக்கு நேரே பிடித்ததுபோல.
நரம்பு இருந்தால் இருக்கிறது.
மஞ்சளித்து மெழுகாகி
வெளிச்சம் வெறுமனே பரவினால் இல்லை.
பூஞ்சணம் தொட்டாலும் நல்ல முட்டை எதிர்த்து நிற்கும்.
வியர்த்து நாறினால் அப்போதுதான் எடு.
மணத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
தூள் கருகுவதைப்
பங்களா வாசலிலிருந்தே சொல்வேன்.

கரண்ட் போய்ப் போய் வந்த மாதம் அது.
சுடுதண்ணீர் ஊற்றிய சாராயப் போத்தல் நான்கைத்
துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவேன்.
ஒருநாள் விடியற்காலை வந்து தொட்டபோது
போத்தல்கள் புதுச்சூட்டில் இருந்தன.
தவமலர் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.
நானும் கேட்கவில்லை.

நாற்பத்தேழாம் நாள்
ஓரத்து முட்டை குழிந்தது.
மஞ்சள். மேலே சாம்பல் பூஞ்சணம்.
டோர்ச்சில் நரம்பு இல்லை, இருட்டு.
அந்த வாரம் எனக்குத் தடிமன்.
கொத்தமல்லி குடித்தும் மூக்கு திறக்கவில்லை.
மணந்து பாராமலே தீர்ப்புச் சொன்னேன்.
மற்றதுக்கும் தொற்றிவிடும் என்று
கைக்கெட்டிய நியாயமும் இருந்தது.

கானோரத்தில் பிளேடால் கீறினேன்.
உள்ளே இருட்டு, ஏனென்றால்
உள்ளே இடமே இல்லை.
விரல் தடிப்பில் முழுப் பாம்பு,
முதுகுக் கட்டங்கள் எல்லாம் வரைந்து முடித்து,
மஞ்சள்கருவை இன்னும் வயிற்றோடு கட்டிக்கொண்டு,
ஒருமுறை என் விரலைச் சுற்றி இறுகியது.
யாரும் சொல்லித்தராமல் தெரிந்த ஒரே காரியம்.
மாலைவரை இருந்தது.

அறுபத்தோராம் நாள், பதின்மூன்றில் பதினொன்று
தோலைக் கிழித்து மூக்கை மட்டும் நீட்டின.
ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே,
மழை விடட்டும் என்று
வாசலில் நிற்பவர்கள்போல.
தவமலர் எண்ணினாள், இரண்டு தரம்.
விமலரத்ன பஸ்ஸில் வந்தார்,
கோதுமைமாச் சாக்கு ஒன்றோடு.
கழித்த ஒன்றைப் பற்றிச் சொன்னேன்.
"எத்தனையாம் நாள்?" என்று மட்டும் கேட்டார்.
பிறகு சாக்கின் வாயைக் கட்டினார்.

இப்போது மூக்கு சரியாகிவிட்டது.
ட்ரையர் வாயில் நின்று
தூளை அள்ளி மணந்து பார்க்கிறேன்,
வழக்கத்தைவிட ஒரு மூச்சு கூடுதலாக.
என்ன, பிழையா, என்கிறார் சுப்பர்வைசர்.
இல்லை என்கிறேன்.
இன்னொரு கை அள்ளுகிறேன்.